வாயிலில் வாழ்த்து, உள்ளே விலக்கு!

மொழிக்குக் கேடு செய்வார் தம் செயலுக்கு அரண் தேடுங்கால், எல்லாரும் ஒருவர் பின்னேயே சென்று மறைந்துகொள்வர். அவர்தாம் அவையினர். “மக்கள் விரும்புகின்றனர், யாம் தருகின்றோம். தூய மொழியிற் பாடினால் கேட்பார் இல்லை, நல்ல நடையிற் பேசினால் அரங்கு வெறுமையாகும்” என்பது அன்னார் கூற்று. திரைப்படம் எடுப்பாரும் இதனையே கூறுவர். மேடை நாடகம் நடத்துவாரும் இதனையே கூறுவர். பள்ளி விழா நடத்துவாரும் இப்பொழுது இதனையே கூறக் கற்றுக்கொண்டனர். குற்றஞ் சாட்டப்பெற்ற அவையினரோ விடையிறுக்க மேடையேறுவதில்லை. அவர்கள் தரும் விடை இரண்டே: கைதட்டுதல், எழுந்து போதல். ஆகவே, உலகில் மிகப் பலர் கண்ட ஓர் இசைநாடகத்தில் அவையினர் எதற்குக் கைதட்டினர், எதற்கு எழுந்து போகாதிருந்தனர் என்பதை எடுத்துக்கொண்டு, மேற்கண்ட கூற்று மெய்யா பொய்யா என ஆராய்தல் நன்று.

1994-ஆம் ஆண்டில் அமெரிக்க இடிசுனி நிறுவனம் ‘இலயன் கிங்’ என்னும் ஓவிய இயங்குபடத்தை வெளியிட்டது. தமிழில் ‘அரிமா வேந்தன்’ எனலாம். தந்தையை இழந்த அரிமாக் குருளை, நாடிழந்து காடலைந்து, மீண்டு வந்து அரசு கட்டிலேறும் கதை அது. அப்படம் பெற்ற வெற்றியைக் கண்ட நிறுவனத்தார், அதனை மேடைக்குரிய இசைநாடகமாக்கினர். 1997 சூலையில் மினியாபொலிசு நகரில் முதலில் நடித்துப் பார்த்து, அவ்வாண்டு நவம்பர் 13-ஆம் பக்கல் நியூயார்க்கு நகரின் பிராடுவேயில் அரங்கேற்றினர். இயக்கியவர் சூலி தெய்மோர் என்னும் அம்மையார். அமெரிக்க மேடைக்கலையின் தலையாய விருதாகிய ‘இடோனி’ விருதுகள் ஆறனை 1998-இல் அந்நாடகம் பெற்றது. இசைநாடக இயக்கத்துக்கென அவ்விருதைப் பெற்ற முதற்பெண் அவ்வம்மையாரே. அன்று தொட்டு உலகெங்கும் 10 கோடிக்கு மேற்பட்டோர் அந்நாடகத்தைக் கண்டுள்ளனர்.

அத்துணைப் பேரும் முதலிற் கேட்டது எது? ஆங்கிலம் அன்று. திரை விலகியதும் ஒரு பெண்குரல் ஓங்கி அழைக்கின்றது. அக்குரல் பாடுவது சூலு மொழி. தென்னாப்பிரிக்காவின் மண்ணில் தோன்றிய மொழி. அரிமாவின் வருகையை அறிவிக்கும் எளிய செய்திதான் அதிலுள்ளது. அவ்வழைப்புக்கு அரங்கின் பக்கங்களிலிருந்து வேறு குரல்கள் மறுமொழி கூறுகின்றன. பொய்க்கால் கட்டிய மாந்தர் ஒட்டகச்சிவிங்கிகளாக மேடையிற் புகுகின்றனர்; அவையின் நடைவழியே யானைப்பாவை அசைந்து வருகின்றது. இருக்கையில் இருப்பார் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றனர். பாட்டு முடியுமுன்னே கையொலி எழுகின்றது. கண்ணீர் விடுவாரும் உளர். தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாட்டுள் மருட்கையும் உவகையும் அழுகையும் ஒருங்கே தோன்றும் இடம் அது. நாடகத்தைப் பற்றிப் பேசுவார் எவரும் அத்தொடக்கத்தைக் கூறாமல் விடுவதில்லை.

அவ்வவையினருள் சூலு மொழி அறிந்தார் எத்துணையர்? நியூயார்க்கில் நூற்றுக்கு ஒருவரும் இரார். ஆயினும் எவரும் “விளங்கவில்லை, ஆங்கிலத்திற் பாடுக” எனக் கூவவில்லை, நுழைவுச் சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கவுமில்லை. நாடகம் நெடுகிலும் சூலு, சோசா, சோத்தோ, சுவானா, சுவாகிலி முதலாய ஆப்பிரிக்க மொழிகளின் பாட்டும் சொல்லும் இடையிடையே வருகின்றன. அவற்றை அந்நாட்டு நாவினரே ஒலித்தல் வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு குழுவிலும் தென்னாப்பிரிக்கப் பாடகரைச் சேர்த்துள்ளனர். ஒலிப்புச் சிதையலாகாது என்னும் கருத்து, வாணிகத்தையே உயிராகக் கொண்ட ஒரு நிறுவனத்துக்கு இருந்தது. இங்கோ, தமிழே தாய்மொழியாகிய பாடகர் பலர்க்கு ழகரம் ஒலிக்க வரவில்லை. வரவில்லையே என்னும் வருத்தமும் இல்லை!

அந்தச் சூலு அழைப்பின் பின்னால் உள்ள வரலாறும் சிறிதன்று. திரைப்படத்தில் அவ்வழைப்பைப் பாடியவரும், மேடைக்குரிய ஆப்பிரிக்கப் பாட்டுகளை அமைத்தோருள் தலையாயவரும் இலெபோ எம் என்னும் இசைஞர். அவர் பிறந்த ஊர் சொவெட்டோ. 1976 சூன் 16-ஆம் பக்கல், வெள்ளையர் ஆட்சி ஆப்பிரிக்கான்சு மொழியைப் பாடமொழியாகத் திணித்ததை எதிர்த்து மாணவர் திரண்டெழுந்து, துமுக்கிக் குண்டுக்கு மார்பு காட்டிய ஊர் அது. 1938-ஐயும் 1965-ஐயும் அறிந்த தமிழர்க்கு அந்நிகழ்ச்சியை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அம்மண்ணிற் பிறந்து, பின்னர் நாட்டை நீங்கி அமெரிக்கா சென்ற ஒருவர், அயல்நாட்டு அரங்கின் வாயிலில் தன் மண்ணின் மொழியை நிறுத்தினார். அவையினர் கைதட்டி வரவேற்றனர்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? ‘கேட்பார் விரும்பார்’ என்னும் கூற்று பொய் என்பதே. முற்றும் அறியாத மொழியையே, முறையாகவும் பெருமிதத்தோடும் பாடினால், அவையினர் வரவேற்பர். அங்ஙனமாயின் தம் தாய்மொழியின் தூய வடிவத்தையா வெறுப்பர்? இடிசுனி நிறுவனத்தார் சூலு மொழிப் பற்றாளர் அல்லர். ஒவ்வொரு காசையும் எண்ணிப் பார்ப்பவர். அவர்களே ஊதியம் குன்றும் என அஞ்சவில்லை எனில், இங்குள்ளார் கூறும் அச்சம் எதன்பாற்பட்டது? அது வாணிக அச்சமும் அன்று. தம் மொழியைத் தாமே தாழ்வாக எண்ணும் உள்ளத்தின் நோய்.

இத்துணையும் நாணயத்தின் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அங்குத்தான் தமிழர் கற்க வேண்டிய பாடம் உள்ளது.

அந்நாடகம் இதுகாறும் முழுமையாக மேடையேறிய மொழிகள் ஒன்பது: ஆங்கிலம், சப்பானியம், செருமானியம், கொரியம், பிரெஞ்சு, ஒல்லாந்தம், இசுப்பானியம், சீனம், போர்த்துக்கீசியம். 1998-இல் தோக்கியோவில் அரிமா சப்பானியம் பேசிற்று. 2001-இல் ஆம்பர்க்கில் செருமானியம் பேசிற்று. 2007-இல் பாரிசில் பிரெஞ்சு பேசிற்று. 2016-இல் சாங்காயில் சீனம் பேசிற்று. எந்த மொழியில் அரிமா தன் வருகையை முழங்கிற்றோ, அந்தச் சூலு மொழி அப்பட்டியலில் இல்லை! ஆப்பிரிக்கக் கதை, ஆப்பிரிக்க நிலம், ஆப்பிரிக்க விலங்கு, ஆப்பிரிக்கப் பாட்டு. ஆனால் அரசன் மகனுக்கு அறிவுரை கூறுவதும், வஞ்சகன் சூழ்ச்சி செய்வதும், இளையோர் காதல் பேசுவதும் ஆப்பிரிக்க மொழியில் இல்லை. பாட்டுக்கு ஒரு மொழி. ஆட்சிக்கு வேறொரு மொழி. வாயிலில் நின்று வரவேற்கச் சூலு. வீட்டினுள் இருந்து பேச வேற்றுமொழி.

“சூலுவில் அத்துணை உரையாடலையும் ஆக்குவது இயலாது” எனின், அதுவும் பொய். 1994-ஆம் ஆண்டுத் திரைப்படத்தை அந்நிறுவனமே சூலு மொழியில் குரல்மாற்றி வெளியிட்டுள்ளது. திரையில் இயன்றது மேடையில் இயலாதா? 2007-இல் சோகனசுபர்க்கு நகரின் மாண்டேகாசினோ வளாகத்தில் புதிதாகத் திறக்கப்பெற்ற பேரரங்கில், தென்னாப்பிரிக்க நடிகரைக் கொண்டே அந்நாடகம் நடைபெற்றது. பிற நகரினர் ஒலியாகக் கேட்டதனைச் சொல்லாகவே கேட்கத்தக்க அவையினர் அங்கிருந்தனர். அவர்க்கும் கதை ஆங்கிலத்திலேயே சொல்லப்பெற்றது. நியூயார்க்கினன் கைதட்டினால் அது விருந்தினன் காட்டும் மதிப்பு. அவன் சூலு மொழியைக் காக்கக் கடமைப்பட்டவன் அல்லன். ஆனால் சொந்த மண்ணின் அவையும் முன்வாயிற் பாட்டோடு மனநிறைவு கொண்டு அமையுமாயின், அம்மொழிக்கு உள்ளிடம் கேட்பார் வேறு யார்?

வாயிலோடு நிறுத்தப்பெற்ற மொழிக்கு நேர்வது என்ன என்பதற்கு அந்நாடகத்துள்ளேயே ஒரு சான்று உளது. இரண்டாம் பகுதியில் கீரிப்பிள்ளையும் காட்டுப்பன்றியும் பாடி நகைப்பூட்டும் ஒரு பாட்டுத் துணுக்கு வரும். அவையினர் சிரித்துத் தாளம் போடுவர். அப்பாட்டின் வேர், சாலமன் இலிண்டா என்னும் சூலு இனத்தவர் ஆக்கிய ‘இம்பூபே’ என்னும் பாட்டு. இம்பூபே என்பது அரிமாவைக் குறிக்கும் சூலுச்சொல். 1939-இல் சோகனசுபர்க்கில் அவர் தம் குழுவோடு அதனைப் பாட, கல்லோ என்னும் நிறுவனம் இசைத்தட்டாக்கி விற்றது. பாட்டின் உரிமைக்கு அவர் பெற்றது பத்துச் சில்லிங்கு என்பர். பாட்டு கடல் கடந்தது. அரிமாவை விளித்துரைத்த சூலுத்தொடர் அமெரிக்கப் பாடகர் செவியிற் பிழையாக விழுந்து, 1950-களின் தொடக்கத்தில் ‘விமோவே’ எனப் பொருளற்ற ஒலியாயிற்று. 1961-இல் அதன்மேல் ஆங்கிலச் சொற்கள் ஏற்றப்பெற்று, அரிமா உறங்குவதாகப் பாட்டே மாறிற்று. அப்பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டு, 1962-இல், இலிண்டா வறுமையில் இறந்தார். அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் நட 1980 வரை வழியில்லை.

சொல்லைச் சிதைத்தபோதே சொல்லுக்குரியவனும் மறைந்தான் என்பதைக் கருதுக. ‘இம்பூபே’ என்று உலகம் ஒலித்திருக்குமாயின், “இஃது எம்மொழி? எவர் பாட்டு?” என்று எவரேனும் கேட்டிருப்பர். ‘விமோவே’ என்பது எவர் மொழியும் அன்று. எவர் மொழியும் அல்லாததற்கு எவரும் உரியர் அல்லர். உரியர் இல்லாப் பொருளை எடுத்தவன் வைத்துக்கொள்வான். மொழித்தூய்மை என்பது புலவர் பொழுதுபோக்கு என நகைப்பார் இதனைக் காண்க. சொல்லின் வடிவம், அச்சொல்லை ஆக்கிய மக்களின் உடைமை ஆவணம். ஆவணத்தில் எழுத்து அழிந்தால் நிலம் போம்.

இலிண்டாவின் குடும்பத்தார் வாளா இருக்கவில்லை. 1911-ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஆக்கியோன் இறந்து 25 ஆண்டு கழிந்தபின் உரிமை அவன் வழியினர்க்கு மீள்வதாகும். அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, திரைப்படத்திலும் மேடையிலும் அப்பாட்டு எடுத்தாளப்பெற்றதை எதிர்த்து, 2004-இல் தென்னாப்பிரிக்க முறைமன்றத்தில் இடிசுனிமேல் வழக்குத் தொடுத்தனர். 2006-இல், பாட்டின் உரிமையைக் கையில் வைத்திருந்த வெளியீட்டு நிறுவனத்துக்கும் அவர்க்கும் உடன்பாடு ஏற்பட்டது. இலிண்டாவே மூல ஆசிரியர் என ஒப்புக்கொள்ளவும், 1987 முதற்கொண்டு பங்குத்தொகை தரவும் இசைந்தனர். பாட்டுப் பிறந்து 67 ஆண்டுக்குப் பின், ஆக்கியோன் இறந்து 44 ஆண்டுக்குப் பின், ஒருவாறு நயன்மை கிடைத்தது. இதனைப் பெற்றுத் தந்தது அவையின் கையொலி அன்று; உரிமை கேட்ட மக்களின் உறுதி.

இன்னொரு செய்தியும் உளது. ‘அக்குனா மத்தாத்தா’ என்பது, தொல்லை ஒன்றும் இல்லை எனப் பொருள்படும் சுவாகிலித் தொடர். கிழக்காப்பிரிக்க மக்கள் நாவில் வழங்குவது. திரைப்படத்திலும் மேடையிலும் அத்தொடரைத் தலைப்பாகக் கொண்ட பாட்டு ஒன்றுண்டு. 1994-இல் இடிசுனி நிறுவனம் அத்தொடரை உடைகளுக்குரிய தன் வணிகக்குறியாகப் பதிய முற்பட்டு, 2003-இல் அமெரிக்காவிற் பதிவும் பெற்றது. 2018-இல் இதனை எதிர்த்து ஆப்பிரிக்கரிடையே எழுந்த வேண்டுகோளில் நூறாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். மேடையில் அவையினரைச் சிரிக்க வைத்த சொல், கடையில் ஒரு நிறுவனத்தின் குறியாயிற்று. விருந்தினனாகச் சென்ற சொல்லை வீட்டுக்காரன் பெட்டியிற் பூட்டினான்!

இவையெல்லாம் கடல் கடந்த செய்தி எனத் தமிழர் எண்ணற்க. முன்வாயிலில் வாழ்த்தி உள்ளே விலக்கும் அவ்வழக்கம் தமிழ்நாட்டில் நாள்தோறும் நிகழ்கின்றது. அதற்கும் ஒரு நாடகமே சான்று. அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடவேண்டும் என 1970-இல் ஆணை பிறந்தது. 2021-இல் அது மாநிலப் பாடல் எனவும் அறிவிக்கப்பெற்றது. அவ்வாழ்த்து எதிலிருந்து எடுக்கப்பெற்றது? பேராசிரியர் சுந்தரனார் 1891-இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ என்னும் நாடகத்தின் முகப்பிலிருந்து. முகப்புப் பாட்டுக்கு நாடே எழுந்து நிற்கின்றது. அந்நாடகத்தை மேடையிற் கண்டார் எத்துணையர்? கண்டாரை விடுக, படித்தார் எத்துணையர்?

வாழ்த்து முடிந்து அனைவரும் அமர்ந்தபின் நிகழ்வதனையும் காண்க. நிகழ்ச்சி தொகுப்பவர் ஆங்கிலத்தில் வரவேற்கின்றார். சிறப்பு விருந்தினர் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக உழக்குகின்றார். பின்னர்ச் சிறுவர் சிறுமியர், பொருள் விளங்காத திரைப்பாட்டு ஒன்றை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதற்கு வாயசைத்து ஆடுகின்றனர். பெற்றோர் கைதட்டுகின்றனர். மூன்று மணிநேர விழாவில் தமிழுக்குக் கிடைத்தது ஒரு மணித்துளி, அதுவும் நின்றபடி! சூலு மொழிக்கு அயலான் செய்ததனைத் தமிழுக்குத் தமிழனே செய்கின்றான். அயலானாவது ஒலிப்பைச் சிதைக்காமற் காத்தான்.

சொற்சிதைவும் இங்குப் புதிதன்று. மயிலாடுதுறை மாயூரமாகி, மாயவரமாகிக் கிடந்தது. 1982-இல்தான் தன் பெயரை மீளப் பெற்றது. திருமுதுகுன்றம் விருத்தாசலமாயிற்று, திருமறைக்காடு வேதாரணியமாயிற்று. இம்பூபே விமோவே ஆனதற்கும் இவற்றுக்கும் வேறுபாடு யாது? அங்கே செவிப்பிழையால் நேர்ந்தது. இங்கே செருக்கால் நேர்ந்தது. இரண்டிடத்தும் பெயரோடு உரிமையும் பெயர்ந்தது.

“தமிழ் அவையினர் வேறு, அவர் கலப்பையே விரும்புவர்” என்பார்க்கு விடை தமிழர் வரலாற்றிலேயே உண்டு. ‘பராசக்தி’ 1952-இலும் ‘மனோகரா’ 1954-இலும் வெளிவந்தன. பின்னது, பம்மல் சம்பந்தனார் மேடைக்கென எழுதிய நாடகம் திரைக்கு ஏறியது. அவற்றின் உரையாடல் தெருப்பேச்சன்று. அடுக்கும் எதுகையும் அமைந்த எழுத்துநடை. அவற்றை எழுத்தறியா உழவரும் நெசவாளரும் வரிவரியாக ஒப்பித்தனரே! எவர் எழுந்து போனார்? தமிழில் பாடினால் இசையரங்கு எடுபடாது என்றோர்க்கு விடையாக 1943-இல் சென்னையில் தமிழிசைக்கெனச் சங்கமே தோன்றிற்றே. அரங்கு வெறுமையாகவா கிடந்தது? அவையினர் என்றும் தேறியவரே. அவர்முன் வைத்த இலையில் எதனைப் படைத்தோம் என்பதே வினா.

ஆயினும் அவையினர்க்கும் ஒரு கடன் உண்டு. கைதட்டுதல் எளிது. “இச்சொல் எவருடையது? முகப்பில் வந்த மொழி ஏன் முடிவு வரை வரவில்லை?” எனக் கேட்டல் அரிது. இலிண்டாவின் பாட்டுக்குத் தாளமிட்ட கோடிக்கணக்கானோருள் அங்ஙனம் கேட்டார் மிகச் சிலரே. அதனாலன்றோ நயன்மை அத்துணைக் காலம் தாழ்த்தது! கேள்வி கேளாக் கையொலி மொழிக்கு மாலையன்று; வாய்ப்பூட்டு.

எனவே தமிழன்பர் செய்யத்தக்கவை மூன்று. தம் ஊர்ப் பள்ளி ஆண்டுவிழாவில், ஓடவிட்ட திரைப்பாட்டுக்கு மாற்றாக, ஒரு நாடகமேனும் முழுமையாக நல்ல தமிழில் மாணவர் வாயாலேயே நடைபெறச் செய்க. திரைக்கதையையே மேடைக்கு ஆக்கினும் குற்றமில்லை, உரையாடல் தமிழாக இருத்தல் வேண்டும். பாடும் பாட்டை ஆக்கியவர் பெயரை மேடையிற் கூறாமற் பாடவிடற்க. தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடிய வாயால் ஆங்கிலத்தில் வரவேற்பாரைக் கண்டால், பணிவோடும் உறுதியோடும் எழுந்து நின்று, “நாங்கள் தமிழ் கேட்கவே வந்தோம்” எனச் சொல்லுக. ஒருவர் சொன்னால் திரும்பிப் பார்ப்பர். பதின்மர் சொன்னால் மொழி மாறும்.

தமிழ் வாயிற்காவலுக்கு வந்த மொழி அன்று. வீடும் அதனுடையது, விளக்கும் அதனுடையது. உள்ளே வருக என அதனை அழைக்க வேண்டியவர், இத்துணைக் காலம் வாயிலில் நிறுத்திவைத்து வாழ்த்துப் பாடியவரே.